கணினிக்குத் தெரியாத ஸ்கேனர் கெட்டுப்போன ஸ்கேனரா?

சென்ற மாதம் எங்கள் தாமானில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் லோரிக்காக எடுத்து வைத்திருந்த பொருள்களைப் பார்த்தேன். துருப்பிடித்த மின்விசிறி, கால் உடைந்த நாற்காலி, அந்த நாற்காலியின் மேல் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாத ஸ்கேனர். வீட்டுக்காரர் பேராக்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே வந்தவரிடம் கேட்டேன்.

"ஐயா, இது வேலை செய்யலையா?"

"பழைய கணினி போயிடுச்சு, புதுசு வாங்கினேன் தம்பி. அதில சொருகினா ஸ்கேனரே இல்லைங்குது. கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த பையன் ஒரு நிமிஷம் பார்த்தான். 'அங்கிள், இது செத்துப் போச்சு, புதுசு எடுத்துக்குங்க'ன்னுட்டான்."

அது வெறும் தாள் படிக்கும் ஸ்கேனர் அல்ல. மூடிக்குள் ஒரு விளக்கு இருக்கும், ஃபிலிம் நெகட்டிவையும் படிக்கும். ஆசிரியரிடம் 1960களிலும் 70களிலும் எடுத்த பள்ளிப் படங்களின் நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, பள்ளி வேறிடம் போய்விட்டது, படமெடுத்த ஸ்டூடியோவும் இப்போது இல்லை. கோணிப்பை ஓட்டம் ஓடிய அந்தப் பிள்ளைகளின் முகங்கள் இன்று அந்த டின்னில் மட்டும்தான் இருக்கின்றன. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தன.

ஸ்கேனரைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தோம். அது செத்திருக்கவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் 'ஸ்கேனர் கண்டறியப்படவில்லை' என்ற அந்த ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். கணினித் திரையில் வரும் செய்திகளிலேயே இவ்வளவு குறைவாகச் சொல்லி இவ்வளவு பொருள்களைக் குப்பைக்கு அனுப்பும் செய்தி வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கடைப் பையன் பொய் சொல்லவில்லை. கணினி சொன்னதை அப்படியே நம்பினான். நீங்களும் நானும் அப்படித்தான் நம்புகிறோம்.

யுஎஸ்பி கம்பியைச் செருகும்போது நடப்பது, ஜொகூர் பாரு குடிநுழைவு முகப்பில் நாம் போய் நிற்பதைப் போன்றது. முதலில் ஆள் வந்து நிற்க வேண்டும். ஸ்கேனருக்குள் இருக்கும் ஒரு சிறிய மின்தடை, கம்பியின் தரவு இழைகளில் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினி தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். அடுத்து, கணினி கடப்பிதழைக் கேட்கிறது. ஸ்கேனர் தன்னிடம் உள்ள இரண்டு அடையாள எண்களைச் சொல்கிறது. ஒன்று தயாரிப்பாளருக்கு உரியது, மற்றது மாடலுக்கு உரியது. கேனன் என்றால் 04ஏ9, எப்சன் என்றால் 04பி8, உலகில் எங்கே வாங்கினாலும் இதுதான். மூன்றாவதாக, இந்த எண்ணுக்கு உரியவரோடு பேசத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் தன்னிடம் இருக்கிறாரா என்று கணினி தேடுகிறது. அந்த மொழிபெயர்ப்பாளரைத்தான் டிரைவர் என்கிறோம். இயக்கி என்று தமிழில் ஒரு நல்ல பெயர் உண்டு, ஆனால் கடையில் போய் இயக்கி என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆள் வரவில்லை. வந்தார், கடப்பிதழைப் படிக்க முடியவில்லை. ஆளும் சரி, கடப்பிதழும் சரி, அவர் மொழி தெரிந்தவர் முகப்பில் இல்லை. இந்த மூன்றில் எது நடந்தாலும் ஸ்கேன் செய்யும் நிரல் நமக்குக் காட்டுவது அதே ஒரு வரி. முதல் இரண்டில் ஏதோ ஒரு பொருள் கெட்டிருக்கலாம். மூன்றாவதில் ஸ்கேனருக்கு ஒரு நோயும் இல்லை.

எங்கே தடை என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலச் சொடுக்குச் செய்தால் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்கேனர் கம்பியைப் பிடுங்கி மறுபடியும் செருகுங்கள். கண் திரையிலேயே இருக்கட்டும். பட்டியல் ஒரு முறை துள்ளுகிறதா? சாதனம் செருகும்போது வழக்கமாகக் கேட்கும் அந்தச் சத்தம் வருகிறதா?

துள்ளவே இல்லை என்றால் ஆள் முகப்புக்கு வரவில்லை. அப்போது டிரைவரைத் தேடி இரவெல்லாம் இணையத்தில் அலைவதில் பயனில்லை. பலர் நேரத்தை வீணாக்குவது இங்கேதான். மென்பொருளை நீக்கி, மறுபடி நிறுவி, கணினியையே ஃபார்மட் செய்து, கடைசியில் பார்த்தால் பழுது கம்பியில் இருக்கும். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான மேசை ஸ்கேனர்களின் பின்புறம் இருப்பது சதுர வடிவத் துளை, பிரிண்டர் கம்பியே அதற்கும் பொருந்தும். யுஎஸ்பி 2.0 கம்பி 5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ஹப் எனப்படும் பல துளைக் கட்டையை விலக்கிவிட்டுக் கணினியில் நேராகச் செருகுங்கள். தனி மின்கம்பி இல்லாமல் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்களுக்கு இது மிக முக்கியம். ஒரு யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். சுட்டி, விசைப்பலகை, பென்டிரைவ் எல்லாம் அதையே பங்கு போட்டுக்கொண்டால், ஸ்கேனர் கண் விழிக்கும் அளவுக்குக்கூட மிஞ்சாது.

அடாப்டர் வைத்த ஸ்கேனராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. எல்லார் வீட்டிலும் ஒரு பெட்டி நிறையப் பழைய அடாப்டர்கள் கிடக்கும். துளை பொருந்துகிறதே என்று கையில் கிடைத்ததைச் செருகிவிடாதீர்கள். சில ஸ்கேனர்களுக்கு 12 வோல்ட் வேண்டும், சிலவற்றுக்கு 24. குறைந்தால் ஸ்கேனர் எழாது, கூடினால் உண்மையிலேயே செத்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள், மாலை நேர இடி மின்னலுக்குப் பிறகு ஸ்கேனர் எழவில்லை என்றால் அடாப்டரை முதலில் சந்தேகப்படுங்கள்.

பட்டியல் துள்ளுகிறது, ஆனால் 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று வருகிறது, திறந்து பார்த்தால் 43 என்ற எண் இருக்கிறது. இது படிக்க முடியாத கடப்பிதழ். கணினி அடையாளத்தைக் கேட்டது, தெளிவான பதில் வரவில்லை. இங்கும் கம்பி, துளை, மின்சாரம் ஆகியவைதான் முதல் சந்தேகம். நீல நிற யுஎஸ்பி 3 துளையில் தடுமாறும் பழைய ஸ்கேனர், பக்கத்தில் உள்ள கறுப்புத் துளையில் ஒழுங்காக வேலை செய்வதுண்டு. வேறொரு கணினியிலும் இதே எண் வந்தால் ஸ்கேனரின் மின்பலகை பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம்.

ஸ்கேனரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். பல மாடல்களின் அடியில், ஓரமாக, பூட்டுச் சின்னம் போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே இருக்கும் படிப்பான் ஆடாமல் இருக்க அதைப் பூட்டி வைப்பார்கள். வீடு மாறியபோது பூட்டியவர் திறக்க மறந்திருப்பார். பூட்டிய ஸ்கேனரைக் கணினிக்குத் தெரியும், ஆனால் வேலை தொடங்கியதும் 'கர்கர்' என்று முனகிவிட்டு நின்றுவிடும். அதன்பின் வரும் பிழைச் செய்தியைப் பார்த்து ஸ்கேனரையே தலைமுழுகியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு நிலை உண்டு. பெயர் சரியாக வருகிறது, மஞ்சள் முக்கோணம் இல்லை, ஆனாலும் நிரல் ஸ்கேனர் இல்லை என்கிறது. மனிதரை அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். விண்டோஸில் 'சர்வீசஸ்' என்று தேடினால் பின்னணியில் ஓடும் சேவைகளின் பட்டியல் வரும். அதில் 'விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்' ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது சார்ந்திருக்கும் 'ஷெல் ஹார்ட்வேர் டிடெக்ஷன்' சேவையும் ஓட வேண்டும். கணினியை வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் நிரல்கள் இப்படிப்பட்ட சேவைகளை நிறுத்தி வைப்பதுண்டு. அதைவிட மறைவான காரணம் டுவெய்ன். 1992லிருந்து ஸ்கேனர்களும் பட நிரல்களும் பேசிக்கொள்ளப் பயன்படும் முறை அது. 'சுவையான பெயர் எதுவும் கிடைக்காத தொழில்நுட்பம்' என்று அந்தப் பெயருக்கு வேடிக்கையாக ஒரு விரிவு சொல்வார்கள். உங்கள் பட நிரல் 64 பிட், ஸ்கேனரோடு வந்த டுவெய்ன் கோப்பு 32 பிட் என்றால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது. அதே கணினியில் 32 பிட் நிரல் ஒன்றைத் திறந்தால் ஸ்கேனர் சாதுவாக வந்து நிற்கும்.

வைஃபையில் ஓடும் பிரிண்டர்-ஸ்கேனர்களின் கதை வேறு. அச்சடிக்கும், ஸ்கேன் செய்யாது. ரவுட்டர் அதற்குப் புதிய முகவரி கொடுத்திருக்கும், ஸ்கேன் நிரல் மட்டும் பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அல்லது வீட்டு வைஃபையைக் கணினி 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருப்பதால் தற்காப்புச் சுவர் பதிலைத் தடுத்திருக்கும். குறிப்பை 'பிரைவேட்' என்று மாற்றி, சாதனத்தை நிரலிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனி, ஆசிரியரின் ஸ்கேனர் சிக்கிய இடம். அவர் கணினியில் செருகியதும் பட்டியல் துள்ளியது. ஸ்கேனரின் மாடல் பெயர்கூட வந்தது. பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே 28 என்ற எண். டிரைவர் நிறுவப்படவில்லை என்பது அதன் பொருள். கம்பி நன்றாக இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, ஸ்கேனர் தன் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்துக்குப் போனால், அந்த மாடலுக்கு விண்டோஸ் 7 வரைதான் டிரைவர் இருக்கிறது, அதுவும் 32 பிட். அதற்குக் கீழே, புதிய மாடல் ஒன்றின் விளம்பரம்.

இதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஸ்கேனரோடு இனிப் பேச வேண்டியதில்லை என்று யாரோ ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு இது.

ஸ்கேனருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்று நீங்கள் கேட்கலாம். 20 ஆண்டுக்கு முந்திய யுஎஸ்பி விசைப்பலகையை நேற்று வாங்கிய கணினியில் செருகிப் பாருங்கள், உடனே வேலை செய்யும். பழைய பென்டிரைவும் அப்படியே. யுஎஸ்பி விதிகளை வகுத்தவர்கள் சாதனங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொது மொழியை எழுதி வைத்ததுதான் காரணம். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஒன்று, சேமிப்புச் சாதனங்களுக்கு ஒன்று, ஒலிச் சாதனங்களுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. விசைப்பலகையை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரே டிரைவர் போதும். மேசை ஸ்கேனர்களில் பெரும்பாலானவை இந்த ஒழுங்குக்குள் வரவில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் ஸ்கேனரை 'எங்கள் சொந்த வகை' என்று பதிந்துகொண்டு, அதன் மொழியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்கூட வெவ்வேறு மொழி பேசுவதுண்டு. தயாரிப்பாளர் டிரைவர் எழுதுவதை நிறுத்தினால், கண்ணாடியும் மோட்டாரும் விளக்கும் நன்றாக இருக்கும் ஸ்கேனர் அடுத்த கணினி மாற்றத்தில் ஊமையாகிவிடும்.

கணினி மாற்றமோ நிற்பதே இல்லை. 64 பிட் விண்டோஸில் 32 பிட் சாதன டிரைவர் ஓடாது. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது, அதையொட்டிக் கணினியை மாற்றியவர்களும் மாற்றிக்கொண்டிருப்பவர்களும் நம்மிடையே ஏராளம். ஆப்பிள் பக்கமும் நிலைமை இதுதான். 2019 அக்டோபரில் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் நிரல்களை அடியோடு நிறுத்தியபோது பல ஸ்கேன் நிரல்கள் ஒரே நாளில் நின்றன. இப்போது ஆர்ம் சில்லில் ஓடும் விண்டோஸ் மடிக்கணினிகளும் கடைக்கு வந்துவிட்டன, இன்டெல் வகைச் சில்லுக்கு எழுதிய டிரைவர் அவற்றில் சேராது. இந்த மாற்றங்களுக்கெல்லாம் நியாயமான காரணங்கள் உண்டு, பாதுகாப்பும் அவற்றில் ஒன்று. மாற்றத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. அதன் செலவு முழுவதையும் பொருளை வாங்கியவர் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தயாரிப்பாளர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. 15 ஆண்டுகளுக்கு முன்பு விற்று முடித்த நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு, ஒவ்வொரு புதிய இயங்குதளம் வரும்போதும் டிரைவரைத் திருத்தி, சோதித்து, கையொப்பமிட்டு வெளியிட ஆள்களும் பணமும் வேண்டும். சரி, எழுத வேண்டாம். அந்த ஸ்கேனர் பேசும் மொழியின் இலக்கணத்தையாவது வெளியிடுங்கள். எந்தக் கட்டளைக்கு விளக்கு எரியும், எந்தக் கட்டளைக்கு மோட்டார் நகரும் என்ற குறிப்பு சில பக்கங்களில் அடங்கிவிடும். விற்பனை நின்றுபோன மாடலில் காக்க வேண்டிய தொழில் ரகசியம் என்ன இருக்கிறது?

வெளியிட்டால் யார் எழுதுவார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸ் உலகில் 'சேன்' என்ற பெயரில் ஒரு தன்னார்வத் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதில் உள்ளவர்கள் தயாரிப்பாளர் கொடுத்த குறிப்புகளை வைத்தும், குறிப்புக் கிடைக்காதபோது கம்பியில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு மொழியைத் தாமே கற்றுக்கொண்டும், ஏராளமான மாடல்களுக்கு டிரைவர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று அவர்கள் இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் பார்க்கலாம். இருந்தால், ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டைப் போட்டு, கணினியில் எதையும் நிறுவாமல், அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியை எழுப்பிச் சோதிக்கலாம். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸிலேயே இருக்க விரும்பினால் வியூஸ்கேன் என்ற கட்டண நிரல் பல்லாயிரக்கணக்கான மாடல்களோடு பேசத் தன் சொந்த டிரைவர்களை வைத்திருக்கிறது. அதன் சோதனைப் பதிப்பில் படத்தின் மேல் முத்திரை விழும், ஆனால் உங்கள் ஸ்கேனர் அதன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அறிய அது போதும். பணம் கொடுப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. மாடல் பெயரோடு 'டிரைவர்' என்று சேர்த்துத் தேடினால் எல்லா டிரைவரையும் தருகிறோம் என்று பல தளங்கள் வந்து நிற்கும். தயாரிப்பாளரின் தளத்தைத் தவிர வேறெங்கும் பதிவிறக்காதீர்கள். டிரைவர் என்பது கணினியின் உள்ளறைக்குள் போகும் நிரல். முகம் தெரியாதவர் கொடுத்ததை அங்கே விடுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். இரண்டாவது, விண்டோஸின் டிரைவர் கையொப்பச் சோதனையையோ 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்பையோ அணைத்துவிட்டால் பழைய டிரைவர் ஓடும் என்று காணொளிகளில் சொல்லித் தருகிறார்கள். சில வேளைகளில் ஓடவும் செய்யும். ஆனால் அதே கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் ஊழியர் சேமநிதிக் கணக்கையும் திறக்கிறீர்கள். ஒரு ஸ்கேனருக்காக அந்தப் பூட்டை உடைக்க நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகங்களும் நியாயமான காலம் வரை கிடைக்க நடவடிக்கை எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கிறது. பற்சக்கரம் உதிரிபாகம் என்றால் டிரைவரும் உதிரிபாகம்தான் என்பது என் வாதம். அது இல்லாமல் ஸ்கேனர் ஓடாது, வேறெங்கும் வாங்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசி விஷயத்தில் இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கு நடப்பில் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். கைப்பேசிக்கு முடிகிற ஒன்று ஸ்கேனருக்கும் பிரிண்டருக்கும் ஏன் முடியாது? பயனீட்டாளர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாம். குறைந்தபட்சம், டிரைவர் ஆதரவு எந்த ஆண்டு வரை என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்றாவது கேட்கலாம். பிஸ்கட்டுக்கே காலாவதித் தேதி போடுகிறோம்.

கேட்க ஒரு காரணம், கழிவு. ஐநா அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கைப்படி, 2022இல் உலகம் 62 மில்லியன் டன் மின்கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். மலேசியாவில் மின்கழிவு அட்டவணைக் கழிவுகளில் ஒன்று, அதைப் பழைய சாமான் லோரியில் ஏற்றுவதே சரியல்ல. உண்மையிலேயே செத்த ஸ்கேனரைக்கூட மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

கைப்பேசியிலேயே படம் எடுத்துவிடலாமே, எதற்கு இந்தப் பாடு என்று இளையவர்கள் கேட்பார்கள். மின்கட்டண ரசீதுக்கு அது போதும், நானும் அதைத்தான் செய்கிறேன். பழைய புகைப்படத்துக்குப் போதாது. கைப்பேசியில் விளக்கொளி தாளின் மேல் பளிச்சிடும், ஓரங்கள் வளையும். ஸ்கேனர் கண்ணாடியின் மேல் தாளைத் தட்டையாக வைத்து, ஒரே சீரான வெளிச்சத்தில் வரி வரியாகப் படிக்கிறது. நெகட்டிவ் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நெகட்டிவை அங்குலத்துக்கு 2400 புள்ளி என்ற கணக்கில் படித்தால் 7.7 மில்லியன் புள்ளிகள் கிடைக்கும். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தத் துண்டிலிருந்து ஒரு பிள்ளையின் சட்டைப் பொத்தான் வரை தெரியும்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், அது ஏர்ஸ்கேன் அல்லது மோப்ரியா ஸ்கேன் முறையை ஏற்குமா என்று கடையில் கேளுங்கள். விசைப்பலகைக்கு இருப்பதைப் போன்ற பொது மொழி ஸ்கேனர்களுக்கும் தாமதமாக வந்திருக்கிறது. இஎஸ்சிஎல் என்பது அதன் பெயர். அதைப் பேசும் ஸ்கேனருக்குத் தயாரிப்பாளரின் டிரைவர் தேவையில்லை, நாளை அவர் கைவிட்டாலும் நீங்கள் தவிக்க வேண்டியதில்லை.

ஆசிரியரின் ஸ்கேனர் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். லினக்ஸ் பென்டிரைவில் கணினியை எழுப்பினோம். ஸ்கேனர் உடனே தெரிந்தது, சான்றிதழ்களையும் அச்சிட்ட புகைப்படங்களையும் நன்றாகப் படித்தது. மூடியில் இருக்கும் நெகட்டிவ் விளக்கு மட்டும் எரியவில்லை. அந்த மாடலின் மூடியோடு பேசத் தன்னார்வலர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. குறிப்பை வெளியிட்டிருந்தால் இந்தக் குறை இருந்திருக்காது. கடைசியில், அவர் மகள் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு பழைய மடிக்கணினி கைகொடுத்தது. அதில் 32 பிட் விண்டோஸ் 7 இருந்தது. ஆதரவு முடிந்த இயங்குதளம் என்பதால் வைஃபையை அணைத்து, இணையமே தொடாமல், ஸ்கேனருக்கு மட்டும் என்று அதை ஒதுக்கினோம். பழைய டிரைவரைப் போட்டதும் மூடி விளக்கு எரிந்தது.

வாரத்தில் இரண்டு மாலை ஆசிரியர் உட்கார்ந்து படிக்கிறார். இதுவரை 140 படங்கள் ஆகியிருக்கின்றன. ஒட்டிக்கொண்ட நெகட்டிவ்களை வலிந்து பிரிக்காமல் தனியே வைத்திருக்கிறோம். நேற்று வந்தது 1968ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டி. கோணிப்பை ஓட்டத்தில் மூன்றாவதாக வரும் சிறுமி யார் என்று ஆசிரியருக்கு நினைவில்லை. படத்தைப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.